வாய்க்கால் சேற்றில் பூச்சிமருந்து, உமிக்கரி உதவுமா?
அண்ணை, கனகராயன் ஆற்றுக்கு விழுகிற வாய்க்காலில் வாரிப் போட்ட சேறு பூச்சிமருந்து மணக்கிறது, உமி கொட்டினால் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். பச்சை உமியால் பெரிய பிரயோசனமில்லை, கரியாக்க வேண்டும். மில்லில் குவிந்து கிடக்கிற உமியை மூட்டி, வெண்சாம்பலாக விடாமல், கறுத்து விரலால் நசித்தால் நொறுங்குகிற பதத்தில் தண்ணீர் தெளித்து அணையுங்கள். அந்தக் கரியின் நுண்துளைகளில்தான் மருந்து ஒட்டும். வாய்க்காலுக்குள் கொட்டிவிடாதீர்கள், மாரி வெள்ளம் சுண்டிக்குளம் கடல்நீரேரி வரை அள்ளிக்கொண்டு போய்விடும். கரையில் கிடக்கிற சேற்றோடு பிரட்டி ஈரமாக வையுங்கள். ஆனால் கரி மருந்தைப் பிடித்து வைக்குமே தவிர அழிக்காது, அது நுண்ணுயிர்களின் வேலை, மெதுவாகத்தான் நடக்கும். அப்புறம், அந்தச் சேற்றைக் கத்தரிப் பாத்திக்குப் போடுகிற யோசனை இருந்தால், பரிசோதிக்காமல் வேண்டாம்.