தோட்டத்துப் பூச்சியை ஓணானுக்குப் போடலாமா?

கேள்வி: என் பத்து வயது மகன் அடம்பிடித்து பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகை ஒன்றை வாங்கிக்கொண்டான். ஐந்து மாதக் குட்டி. கடையில் விற்கும் கிரிக்கெட் பூச்சிக்கே வாராவாரம் நிறையச் செலவாகிறது. எங்கள் பின்தோட்டத்தில் வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, கோடையில் மின்மினி என்று எல்லாம் கிடைக்கின்றன. கனடாவில் நாங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பூச்சிமருந்துக்குத் தடை இருப்பதால் பயமில்லாமல் பிடித்துப் போடலாம் என்கிறார் கணவர். ஊரில் ஓணான் இதையெல்லாம்தானே தின்கிறது என்கிறார் மாமியார். போடலாமா? இரவில் பெட்டிக்குள் பூச்சிகளை விட்டுவைத்தால், பசிக்கும்போது தானே பிடித்துத் தின்னாதா?
– ஸ்காபரோ வாசகி

பதில்: மற்றதெல்லாம் அப்புறம், முதலில் மின்மினி. இன்றைக்கே மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: மின்மினியைப் பெட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒரே ஒரு மின்மினி போதும், வளர்ந்த பியர்டட் டிராகன்கூடச் செத்துவிடும். வட அமெரிக்க மின்மினிகளின் உடம்பில் லூசிபுஃபாஜின் என்ற நஞ்சு இருக்கிறது. தேரையின் நஞ்சுக்கு நெருங்கிய வகை, நேராக இதயத்தைத் தாக்கும். இப்படிச் செத்த பியர்டட் டிராகன்களைப் பற்றி 1999இல் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்திருக்கிறது. தலையை உதறும், வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடும், தோல் கறுக்கும். அதற்குப் பிறகு கையில் இருப்பது அதிக நேரமில்லை. எப்போதாவது அப்படி நடந்தால் பாலோ உப்புத் தண்ணீரோ புகட்டிப் பார்க்காமல், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே ஓடுங்கள்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊர் ஓணான் அந்த மண்ணில் பிறந்தது, அங்கே எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதற்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பூர்வீகமோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மின்மினியோடு அதற்குப் பழக்கமே இல்லை. அசைகிற எதையும் லபக்கென்று விழுங்கும். கம்பளிப்புழுவும் வேண்டாம். நம் எருக்கின் இனமான மில்க்வீட் செடியைத் தின்று வளரும் மோனார்க் புழு, அந்தச் செடியின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கும். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்றது என்று உங்கள் மகன் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

கணவர் சொல்லும் தடை உண்மைதான், 2009இல் வந்தது. ஆனால் அது புல்தரையையும் பூச்செடியையும் அழகாக வைத்திருக்க மருந்தடிப்பதற்கான தடை. பண்ணைகளுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் விலக்கு உண்டு. வீட்டுக்குள் எறும்புக்கு வைக்கும் மருந்தையும் அது நிறுத்தவில்லை. பூச்சிக்கு வேலி கிடையாது, எங்கேயோ தின்றுவிட்டு உங்கள் தோட்டத்தில் வந்து உட்காரும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: பத்து வயதுப் பையன் கையில் சுலபமாகச் சிக்கும் பூச்சி பெரும்பாலும் தள்ளாடுகிற பூச்சிதான். அது ஏன் தள்ளாடுகிறது? மருந்து தின்றதாலோ ஒட்டுண்ணியாலோ கூட இருக்கலாம். ஆகவே தோட்டம் வேண்டாம். மீன்பிடிக்க விற்கும் தூண்டில் புழுவும் வேண்டாம்.

சரி, கடைப் பூச்சி என்றால் அப்படியே போட்டுவிடலாமா? பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கிரிக்கெட்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். ஓணானுக்கோ பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். தாடை மெத்தென்று ஆகும், கால் வளையும், விரல்கள் துடிக்கும். வளரும் வயதில் இது சீக்கிரமே வந்துவிடும்.

கடையிலிருந்து வரும் கிரிக்கெட் பெரும்பாலும் பட்டினி கிடந்து வருவது. காலி வயிற்றோடு போட்டால் ஓணானுக்குக் கிடைப்பது வெறும் ஓடுதான். அதனால் வாங்கிவந்ததும் ஒரு நாள் அவற்றுக்கு நன்றாகச் சாப்பாடு போடுங்கள்: கேரட், பூசணி, காலர்ட் கீரை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து செத்து நாறும், கேரட்டில் இருக்கும் ஈரமே போதும். ஊட்டும் நேரத்தில் வேண்டிய அளவு பூச்சியை ஒரு பையில் போட்டு, கால்சியம் பொடி தூவிக் குலுக்குங்கள். இந்த வயதில் தினமும் ஒரு வேளையாவது பொடி தூவியதாக இருக்கட்டும். வைட்டமின் டி3 சேர்ந்த பொடியை மட்டும் கண்டபடி போடாதீர்கள், மிஞ்சினால் அதுவும் கெடுதல். யூவிபி எனும் புற ஊதாக் கதிர் விளக்கு சரியாக இருந்தால் டி3யை உடம்பே தயாரித்துக்கொள்ளும். அந்த விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தாலும் யூவிபி குறைந்துபோயிருக்கும், ஆகவே வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பூச்சியின் அளவு, ஓணானின் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. தினம் இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு. மீந்ததை எண்ணிப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இரவில் விட்டுவைக்கவே கூடாது. விளக்கு அணைந்து உடம்பு குளிர்ந்தால் ஓணான் மரத்துக் கிடக்கும். பசித்த கிரிக்கெட் அதன் விரலையும் கண்ணிமையையும் கடித்துத் தின்னும். காலையில் நீங்கள் பார்ப்பது புண்ணாகத்தான் இருக்கும். கடைசி வேளையையும் விளக்கு அணைவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், செரிக்கவும் சூடு வேண்டும்.

செலவு விஷயம். சின்ன டப்பாவாக வாங்காமல் மொத்தமாக வாங்கி, காற்றோட்டமுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் முட்டை அட்டை வைத்து வளர்த்தால் மலிவு. அந்த நாற்றத்தைச் சமாளிக்கும் பொறுப்பைக் கணவரிடம் விட்டுவிடலாம், யோசனை சொன்னவர் அவர்தானே! பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு கிடைத்தால் நடுநடுவே அதையும் கொடுங்கள், அதில் இயல்பாகவே கால்சியம் அதிகம். மெழுகுப்புழு முழுக்கக் கொழுப்பு, என்றைக்காவது ஒரு மிட்டாய் போல மட்டும். அமெரிக்க வீடியோக்களில் டூபியா கரப்பானைப் புகழ்வார்கள். கனடாவில் அதற்கு அனுமதியில்லை, ஆன்லைனில் தேடாதீர்கள். இப்போதிருந்தே தினமும் காலையில் கீரை நறுக்கி வையுங்கள். ஒரு வயது தாண்டினால் கீரைதான் முக்கிய உணவு, பூச்சி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். அப்போது செலவு தானாக இறங்கும்.

ஓணானையோ பூச்சிப் பெட்டியையோ தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சால்மொனெல்லா கிருமி ஒட்டியிருக்கும். அதன் தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அது ஓணானைத் தூக்கவே வேண்டாம். இதுவரை தோட்டத்துப் பூச்சி ஏதாவது கொடுத்திருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஓணானின் எச்சத்தைக் கொஞ்சம் எடுத்துப் போய் ஒட்டுண்ணிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.