மக்குவாரி தீவு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தாஸ்மேனியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே, 34 கி.மீ. நீளமே உள்ள இந்தக் குளிர்த்தீவு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது ஏன்?

பதில்: முதற்காரணம் அதன் பாறைகள்தான். கடலடித் தரைக்கும் கீழே ஏறத்தாழ 6 கி.மீ. ஆழத்தில் இருந்திருக்க வேண்டிய மேன்டில் பாறை (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கின் பாறை), இரண்டு நிலத்தட்டுகளின் நெருக்குதலால் பிதுங்கி மேலெழுந்து இங்கே வெட்டவெளியில் தெரிகிறது. ஓமான், சைப்ரஸ் போன்ற இடங்களிலும் இத்தகைய பாறைகள் உண்டு என்றாலும், அவை நிலத்தோடு மோதி ஒட்டிக்கொண்டவை. மக்குவாரியோ, தான் உருவான பெருங்கடலின் நடுவிலேயே இன்னும் இருக்கிறது. கடலுக்கடியில் பீறிட்ட எரிமலைக் குழம்பு நீர் பட்டு உறைந்து, தலையணைகளை அடுக்கியது போல் ஆன பாறைகளை இங்கே கரையில் நின்றே தொட்டுப் பார்க்கலாம். திரளாக வாழும் ராயல் பென்குவின்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் இத்தீவையும் அதையொட்டிய சிறு தீவுகளையும் நம்பித்தான். 1997-இல் யுனெஸ்கோ இதைப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: குடிமக்களே இல்லாத இடத்தில் ஆய்வு நிலையம் எதற்கு?

பதில்: தென்பெருங்கடலில் அந்த அட்சரேகைகளில் கருவி வைக்க நிலமே அரிது. 1948 முதல் இங்கே தொடர்ந்து எடுக்கப்பட்டு வரும் வானிலைப் பதிவுகளுக்கு ஈடாக, சுற்றுவட்டாரத்தில் வேறெதுவும் இல்லை.

கேள்வி: பூனைகளை ஒழித்ததால்தான் தீவு பாழானது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. சீல் வேட்டையாடிகள் உணவுக்காகக் கொண்டுவந்த முயல்களைக் கட்டுப்படுத்த 1978-இல் முயல்களைக் கொல்லும் நோயை உண்டாக்கும் மிக்சோமா கிருமி பரப்பப்பட்டது, முயல்கள் குறைந்தன. கடற்பறவைகளையும், கூடவே முயல்களையும் தின்று வந்த பூனைகளில் கடைசிப் பூனை 2000-இல் அகற்றப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் கிருமியின் வேகமும் தணிந்ததால், முயல்கள் மறுபடி பெருகிச் சரிவுகளிலிருந்த புல்லையும் பெரிய இலைச் செடிகளையும் வேரோடு மேய்ந்தன. 2006-இல் மண் சரிந்து பென்குவின்கள் புதையுண்டன. ஆகவே பழியைப் பூனை ஒழிப்பின் தலையில் மட்டும் போடுவது சரியாகாது. முயல், எலி, சுண்டெலி மூன்றையும் சேர்த்துத் திட்டமிடாமல் ஒவ்வொன்றாகக் கை வைத்ததே கோளாறு என்பது என் கருத்து. பின்னர் ஹெலிகாப்டரில் விஷம் கலந்த இரையைத் தூவி, எஞ்சிய முயல்களை நாய்களின் உதவியோடு தேடிப் பிடித்தார்கள். விஷத்தால் இறந்த விலங்குகளைத் தின்ற பறவைகளும் மடிந்தன. அது வேதனையான விலைதான். மூன்று இனங்களும் அற்றுப்போனதாக 2014-இல் அறிவிக்கப்பட்டது.

கேள்வி: இனி ஆபத்தில்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. இத்தீவில் மட்டுமே வளரும் மெத்தைச் செடி, 2008-இல் திட்டுத்திட்டாகக் கருகுவது தெரியவந்தது. மழை குறையாவிட்டாலும் காற்றும் வெயிலும் கூடியதால் கோடையில் செடிகளுக்குக் கிடைக்கும் நீர் பல ஆண்டுகள் பற்றாமல் போனதை, மேலே சொன்ன வானிலைப் பதிவுகளே காட்டிக்கொடுத்தன. முயலைப் பிடித்து அகற்றலாம். வறட்சியை அத்தீவில் இருந்துகொண்டு அகற்ற வழியில்லை.