ஓவியத்தில் ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள்

கேள்வி: ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அதிர்ஷ்டச் சின்னங்களை வைத்து ஓர் ஓவியம் வரைந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்புவேன். போன வருடம் என் கையெழுத்தை வெட்டிவிட்டு யாரோ அனுப்பிய அதே படம், என் அலைபேசிக்கே வாழ்த்தாக வந்தது. மனசு விட்டுப்போச்சு. படம் அதிர்ஷ்டம் தரும் என்று சொல்வதே சரிதானா என்றும் சந்தேகம். இந்த வருடம் பகிரலாமா?
- ஒரு வாசகி

பதில்: பகிருங்கள். உங்கள் வருத்தம் நியாயமானது. கையெழுத்தை வெட்டியது தவறுதான். ஆனால் புத்தாண்டுப் படங்கள் நெடுங்காலமாகவே பலர் கைக்குப் போய்ச் சேரத்தான் உருவாகின்றன. சீனாவில் 'நியான்ஹுவா' படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து, கதவிலும் சுவரிலும் ஒட்டுவார்கள். அடுத்த வருடம் புதுப் படம். ஜப்பானில் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள் ஏறிவரும் புதையல் கப்பல் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால், ஆண்டின் முதல் கனவு நல்ல கனவாக வரும் என்பது நம்பிக்கை.

அதிர்ஷ்டத்துக்கு நீங்கள் உத்தரவாதம் தர வேண்டியதில்லை. ஜப்பானின் தருமா பொம்மையைப் பாருங்கள். இரண்டு கண்களும் வெள்ளையாக, விழி வரையாமல் இருக்கும். வாங்கியவர் ஏதாவது ஒன்றை மனதில் நினைத்து ஒரு கண்ணுக்கு விழி வரைவார். அது நிறைவேறியதும் மற்றொன்றுக்கு. அதுவரை அந்த ஒற்றைக்கண் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த அதிர்ஷ்டச் சின்னம் இதுதான்; செய்தவர் பாதி வேலையை வாங்கியவருக்கு விட்டுவைக்கிறார். உங்கள் ஓவியத்திலும் அப்படி ஓர் இடம் விடுங்களேன். வண்ணம் தீட்டாத ஒரு பறவை, பெயர் எழுத ஒரு வெற்றுப் பலகை, ஏதோ ஒன்று. அச்செடுத்து அதை நிரப்புகிறவருக்கு அந்தப் படம் சொந்தமாகிவிடும்.

சரி, கையெழுத்து. மூலையில் போட்டால் சுலபமாக வெட்டிவிடலாம். இலை நரம்போடு, அலையின் வளைவோடு சேர்த்து உள்ளே எழுதுங்கள். 'வீட்டில் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் அனுப்பலாம், விற்கக் கூடாது' என்று படத்தின் அடியிலேயே ஒரு வரி இருக்கட்டும். படைப்பாளிகளின் உரிமையைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை வரைந்தவருக்கே.

அச்செடுப்பவர்களுக்கு ஏ5 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வரும்படி 1748 x 2480 பிக்சலில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

அப்புறம், 'பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் பலிக்கும்' என்ற வரி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அது வாழ்த்தை மிரட்டலாக்கிவிடும். போன வருடம் அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பியவருக்கு இந்த வருடப் படத்தை முதலில் அனுப்பி, இரண்டையும் வரைந்தது நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.