எழுத்துகள் நீட்டிக்கொண்டிருக்கும் சுவர்

ஐயா,

வணக்கம். ஊரிலிருந்து வந்திருந்த நண்பனைப் போன ஞாயிறு மாலை, வீட்டுச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டியிருக்கும் லோதி காலனிக்குக் கூட்டிப்போனேன். ஐந்து மணிக்குப் போய், கண்ணில் பட்ட சுவரோவியத்தை எல்லாம் பார்த்தோம். குறைந்தது முப்பது இருக்கும். வீடு திரும்பியபோது இரண்டு மூன்றுதான் மனதில் நின்றன. படங்களும் சரியாக வரவில்லை. நண்பன் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவு உயரத்தில் நின்று வரைகிறவருக்குக் கோடு எப்படிக் கோணாமல் வருகிறது? சில சுவர்கள் அடியில் மட்டும் உரிந்திருப்பது ஏன்? ஒரு சுவரில் எழுத்துகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, படமே இல்லை. அது பாதியில் நின்ற வேலையா? அடுத்த மாதம் அவன் மறுபடி வருகிறான். சொல்லுங்கள்.

ச., ஆர்.கே. புரம், புதுதில்லி

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது முழுமையான வேலை. நீங்கள் போன நேரம்தான் தவறு. டாக்கு என்ற பெயரில் இயங்கும் தெருக்கலைஞர் செய்தது. எழுத்துகளைச் சுவரோடு ஒட்டாமல் வெளியே நீட்டிப் பொருத்தியிருக்கிறார். வெயில் மேலிருந்து விழும்போது அவற்றின் நிழல் சுவரில் இறங்கிச் சொற்களாகிறது. சூரியன் நகர நகர நிழலும் சாய்ந்து, நீண்டு, கலைந்துவிடும். காலம் எல்லாவற்றையும் மாற்றும் என்பதுதான் அதன் பொருள். மாலையில் நிழலே கிடையாது. அந்த ஒரு சுவருக்காகவாவது நண்பரை நண்பகலை ஒட்டி அழைத்துப் போங்கள். அரைமணி நேரம் விட்டு இருமுறை பாருங்கள்.

மற்றவற்றுக்கு மாலைதான் நல்லது. நேர்வெயிலில் மரநிழல் சுவரில் புள்ளி புள்ளியாக விழுந்து நிறத்தைக் குழப்பும். ஆனால் டிசம்பரில் தில்லியில் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்குப் போனால் கிடைப்பது அரைமணி நேர வெளிச்சம். அதன்பிறகு தெருவிளக்கு நிறத்தையே மாற்றிவிடும். மறைவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். பிப்ரவரி நடுவில் நாலே கால் போதும். மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஜோர் பாக் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கன்னா மார்க்கெட்டில் தொடங்கி மெஹர்சந்த் மார்க்கெட் பக்கம் போவது வசதி. அனுமதிச்சீட்டு எதுவும் கிடையாது.

அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட சுவர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மாலையில் பார்க்க நினைப்பதுதான் எதுவும் நினைவில் நிற்காததற்குக் காரணம். ஏழெட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் முதலில் எதிர்ப்புற நடைபாதையில் நின்று இரண்டு நிமிடம், பிறகு கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு நிமிடம், மறுபடி எதிர்ப்புறம். 1940களில் பிரிட்டிஷ் அரசு தன் ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. நடுவில் வளைவு வாசல், இருபுறமும் ஜன்னல்கள் என்று ஒரே அச்சு. ஓவியர் அந்த வளைவையும் ஜன்னலையும் என்ன செய்தார் என்று முதலில் பாருங்கள். நல்ல ஓவியத்தில் வளைவு படத்தின் ஓர் உறுப்பாகிவிடும். சுமாரானதில் ஜன்னல் ஒரு முகத்தை வெட்டிக்கொண்டு நிற்கும். மெக்ஸிகோ ஓவியர் சென்கோவின் பறவைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். என் மதிப்பில் நிறம், கதை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி, கோடு கோணாத விஷயம். பழைய முறை கட்டம் போடுவது. தாளில் ஓர் அங்குலம் என்றால் சுவரில் ஓர் அடி. கொத்தனார் போலச் சாயப்பொடி தடவிய நூலை இழுத்து அடித்து வரிசை வரிசையாகக் கோடு விழச்செய்வார்கள். ஜன்னலும் குழாயும் குறுக்கிடும் சுவரில் இது சிரமம்; பின்னால் அந்தக் கோடுகளை மறைக்கவும் வேண்டும். இப்போது பலர் செய்வது வேறு. சுவர் முழுக்க எழுத்து, சுழி, அம்பு, எண் என்று கண்டபடி கிறுக்குவார்கள். எதிரே போய் நேராக நின்று படம் எடுப்பார்கள். அந்தப் படத்தின்மேல் தங்கள் வரைபடத்தைப் பாதி ஒளிபுகும்படி கைப்பேசியில் பொருத்துவார்கள். சாரத்தில் ஏறியபின் ‘மூக்குக்கோடு இந்த 3 என்ற எண்ணுக்கும் அந்தச் சுழிக்கும் நடுவே போகிறது’ என்று பார்த்துப் பார்த்து இழுத்தால் போதும். இந்த முறையில் கிறுக்கலே கட்டம். இதில் இரண்டு இடத்தில் தவறும். படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் உருவமே ஒருபக்கம் இழுபடும். ஒரே மாதிரி கிறுக்கல்கள் இருந்தால் இடம் மாறிப்போகும். மெல்லிய வண்ணம் பூசிய இடத்தில் சாய்வெளிச்சத்தில் கூர்ந்து பார்த்தால் அந்தக் கிறுக்கல் அடியில் தெரியவும் கூடும்.

அடிப்பகுதி உரிவதற்குக் காரணம் தண்ணீர். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பெரும்பாலும் மூன்றடி உயரத்துக்குள். ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்படித்த சுவரென்றால் ஈரம் வெளியே ஆவியாகிவிடும். அக்ரிலிக் வண்ணம் படலமாக மூடிக்கொள்வதால், உப்பு அதன் பின்னாலேயே படிகமாகி வண்ணத்தைத் தள்ளுகிறது. குனிந்து பாருங்கள்: முதலில் கட்டைவிரல் நகமளவு கொப்புளம், அது வெடித்த விளிம்பில் வெள்ளை மாவு. அதுதான் பூத்த உப்பு. தொடாதீர்கள், உள்ளங்கையளவு பெயர்ந்து வந்துவிடும். உப்பைச் சுரண்டாமல் மேலே புதுப்பூச்சு அடித்தால் அடுத்த மழைக்குப் பின் அதுவும் உரியும். மேலே, நடுவே உரிந்திருந்தால் மழைநீர்க் குழாய்க் கசிவாக இருக்கலாம். நிறம் வெளுத்ததற்கு வெயில் காரணம். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், காவி நிலைக்கும்.

படம் எடுக்க அகலக்கோண லென்ஸை விடுங்கள், ஓரத்துக் கோடுகள் வளைந்துவிடும். சாதாரண லென்ஸில் பன்னிரண்டு மீட்டர் அகலச் சுவர் முழுதும் வர, ஒன்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கைப்பேசியை அண்ணாந்து சாய்க்காமல் சுவருக்கு நேர் இணையாகப் பிடித்து, கீழே வரும் தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். நின்றிருக்கும் கார் மறைத்தால் அந்தச் சுவரை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். கொடியில் துணி காயும், ஜன்னலில் ஆள் நிற்பார். அவர்கள் படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வளைவு வாசலைத் தாண்டி உள்முற்றத்துக்குள் நுழைய வேண்டாம். வெளியே நின்று பார்க்கவே ஓவியங்கள் வரையப்பட்டிருக்கின்றன. இருட்டியதும் கன்னா மார்க்கெட்டுக்குத் திரும்பி ஒரு டீ குடியுங்கள். நண்பருக்கு எந்தச் சுவர் மனதில் நின்றது என்று அங்கே கேட்டு, முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.