பழைய சொகுசுக் காரில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவை எப்படிச் சரிசெய்வது?

தொட்டியில் ஆயில் அடிக்கடி குறைவதாகவும், மெக்கானிக் பம்ப்பையே மாற்றச் சொல்வதாகவும் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம், கசிவின் மூலத்தைக் கண்டறியாமல் பம்ப்பை மாற்றுவது வீண்செலவாக முடியலாம்.

ஆயில் மேலிருந்து வழிந்து தாழ்வான இடத்தில் சொட்டுவதால், சொட்டும் இடமே கசியும் இடம் என்று கருதக் கூடாது. எனவே முதலில் எல்லாப் பாகங்களையும் துடைத்துச் சுத்தம் செய்து, எஞ்சினை ஓடவிட்டு, உதவிக்கு ஒருவரை ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பச் சொல்லி, தொட்டியிலிருந்து கீழ்நோக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிய நிலையில் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருந்தால் பம்ப் சூடேறிக் கெடும்.

என் அனுபவத்தில், பழைய வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, தொட்டிக்குத் திரும்பும் குறைந்த அழுத்த ஹோஸையும் அதன் கிளாம்ப்பையும்தான். ரப்பர் இறுகிப்போய் அங்கே கசிவது சாதாரணம், சரிசெய்வதும் எளிது. உயர் அழுத்த ஹோஸில் அழுத்தம் 100 பாரை எட்டக்கூடும் என்பதால், அதைச் சாதாரணக் குழாயால் ஒட்டுப்போடவோ, ஓடும்போது கையால் தடவிப் பார்க்கவோ கூடாது. ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சட்டமான ராக்கின் ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் உள் சீல் போய்விட்டது. ராக்கைக் கழற்றிப் புதுப்பித்த பின் வீல் அலைன்மென்ட்டும் அவசியம்.

ஆயில் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. சில மாடல்கள் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேட்கும், சில பச்சை நிறச் செயற்கை ஆயில் கேட்கும். தொட்டி மூடியிலோ கையேட்டிலோ குறிப்பிட்டதை மட்டும் ஊற்றுங்கள், தவறான ஆயில் சீல்களைக் கெடுத்துவிடும். கசிவை நிறுத்தும் திரவங்கள் ரப்பரைச் சற்று உப்ப வைப்பவை மட்டுமே. நல்ல வண்டியில் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை முடிந்ததும் முன்சக்கரங்களைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, எஞ்சினை அணைத்த நிலையில் ஸ்டீயரிங்கைப் பலமுறை மெதுவாகத் திருப்பி, தொட்டியில் நுரையும் குமிழியும் நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள்.