ஆர்க்கிமிடீஸ் பலிம்ப்செஸ்ட்: சுரண்டி அழித்த எழுத்தை எப்படிப் படித்தார்கள்? ஹைபெர்க் பதிப்பு இருக்கும்போது புதிய பதிப்பு எதற்கு?

பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறொன்றை எழுதிய தோல் சுவடிதான் பலிம்ப்செஸ்ட். கேள்வியின் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்தச் சுவடியைப் படித்துப் பின்னர் பதிப்பித்த டென்மார்க் அறிஞர் ஹைபெர்க்கால் 1906இல் எதைப் படிக்க முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பது தெரிந்தால்தான் பின்னால் வந்த ஒளிப்பட வேலையின் அருமை புரியும். அதற்கு முதலில் அந்தப் புத்தகத்தின் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஒருவர் ஆர்க்கிமிடீஸின் நூல்களை ஆட்டுத்தோல் தாளில் கிரேக்கத்தில் படியெடுத்தார். மை, மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதி கலந்து செய்தது. அதனால் அதில் இரும்பு இருந்தது. இந்த இரும்பை நினைவில் வையுங்கள், பிறகு வேலைக்கு வரும். நம் ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறி எழுதுவதால் அழித்து மறுபடி எழுத வழியில்லை. தோல்தாளில் மை மேற்பரப்பில்தான் இருக்கும், கழுவிச் சுரண்டினால் தாள் மறுபடி பயன்படும். 1229இல் ஐயோன்னஸ் மைரோனாஸ் என்ற எழுத்தர் அதைத்தான் செய்தார். பழைய தாள் ஏறத்தாழ 30 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். அதை 90 பாகை திருப்பி, நடுவில் மடித்து, இரண்டு சிறிய தாள்களாக்கி மேலே ஜெபங்களை எழுதினார். ஆகவே ஆர்க்கிமிடீஸின் வரிகள் ஜெப வரிகளுக்குக் குறுக்காக ஓடுகின்றன. ஒவ்வொரு பழைய பக்கத்தின் நடு வரிகளும் புதிய புத்தகத்தின் தையல் மடிப்புக்குள் போய்விட்டன.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 'துறவி ஒருவர் அறிவியலை அழித்து ஜெபம் எழுதினார்' என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. நடந்தது ஏறக்குறைய நேர்மாறு. ஆர்க்கிமிடீஸுக்கு இடைக்காலத்தில் மூன்று கிரேக்கச் சுவடிகள் இருந்ததாகத் தெரிகிறது. ஆய்வாளர்கள் அவற்றை ஏ, பி, சி என்பார்கள். பி சுவடியைப் பற்றிய கடைசிக் குறிப்பு 1311ஆம் ஆண்டுப் போப்பாண்டவர் நூலகப் பட்டியல். ஏ சுவடி 1564க்குப் பிறகு காணவில்லை. யாரும் சுரண்டாத அந்த இரண்டும் போயின. சுரண்டப்பட்ட சி மட்டும் மிஞ்சியது, காரணம் அது ஜெபநூல். பெத்லகேமுக்குக் கிழக்கே உள்ள மார் சபா மடத்தில் அதைப் புனிதப் பொருளாகப் பேணினார்கள். 'மிதக்கும் பொருள்கள்' நூலின் கிரேக்க மூலமும் 'முறை' என்ற நூலும் இந்த ஒரே சுவடியில்தான் நமக்குக் கிடைக்கின்றன.

ஹைபெர்க் அதைப் பார்த்தபோது அது கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தது. 1899இல் வந்த ஒரு சுவடிப் பட்டியலில் அடியெழுத்தின், அதாவது சுரண்டப்பட்ட பழைய எழுத்தின், சில வரிகளை அச்சிட்டிருந்தார்கள். அவற்றைப் படித்ததும் அது ஆர்க்கிமிடீஸ் என்று ஹைபெர்க் கண்டுகொண்டார். கையில் பூதக்கண்ணாடி, உதவிக்குச் சில ஒளிப்படங்கள், அவ்வளவுதான் அவரிடம் இருந்த கருவிகள். அதைக் கொண்டு அவர் படித்த அளவை இன்றைக்குச் சரிபார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் மூன்று இடங்களில் அவருக்குத் தடை. புத்தகத்தைப் பிரிக்க முடியாததால் மடிப்புக்குள் போன வரிகள் தெரியவில்லை. சில பக்கங்களில் சுரண்டல் ஆழமாக இருந்ததால் கண்ணுக்கு எதுவும் எட்டவில்லை. மூன்றாவது அவரே தேடிக்கொண்ட தடை: சுவடியின் வடிவப் படங்களை அவர் பொருட்படுத்தவில்லை, உரையைப் படித்துப் புதிதாக வரைந்துகொண்டார். சுவடியிலோ 'கோளமும் உருளையும்' நூலில் வட்டத்துக்குள் வரையும் பலகோணத்தின் பக்கங்கள் நேர்கோடாக இல்லை, வில்லாக வளைந்திருக்கின்றன. படம் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. அந்தப் படங்களோ எது எதோடு சேர்கிறது, எது எதை வெட்டுகிறது என்பதைக் காட்ட வரைந்தவை. ஹைபெர்க் பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு 'ஆர்க்கிமிடீஸ் இப்படித்தான் படம் போட்டார்' என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

ஹைபெர்க்குக்குப் பிறகு புத்தகம் தனியார் கைக்குப் போனது, நிலைமை இன்னும் மோசமானது. பூஞ்சை பிடித்தது. நான்கு தாள்களில் யாரோ தங்கப் பின்னணியோடு நற்செய்தியாளர்களின் ஓவியங்களைத் தீட்டிப் பழையவை போலக் காட்டினார்கள். அவை போலி. அவற்றிலுள்ள பச்சை நிறமி தாலோசயனின், 1938இல்தான் விற்பனைக்கு வந்தது. 1998 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கில் ஏலம் போனபோது விலை 20 லட்சம் டாலர். ஜெருசலேம் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை தங்கள் சொத்து என்று வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. வாங்கியவர் பெயரை வெளியே சொல்லவில்லை. ஆனால் புத்தகத்தைப் பால்டிமோரிலுள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, ஆய்வுக்குப் பணமும் கொடுத்தார்.

அங்கே முதல் வேலை பிரிப்பது. அபிகெயில் க்வாண்ட் என்ற பாதுகாப்பு நிபுணருக்கு அதற்கே சுமார் நான்கு ஆண்டுகள் ஆயின. பழைய தோல்பசை ஈரம் பட்டால் இளகும், அதனால் அது பெரிய சிக்கல் இல்லை. தொல்லை கொடுத்தது 20ஆம் நூற்றாண்டில் முதுகுப்புறம் பூசிய பாலிவினைல் அசிடேட், அதாவது தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. அது காய்ந்த பிறகு தண்ணீருக்கு மசியாது, தோலைவிட உறுதியாக நிற்கும். இழுத்தால் பசை அப்படியே இருக்க, எழுத்தோடு தோல்தான் கிழியும். அதனால் துணுக்குத் துணுக்காக எடுக்க வேண்டியிருந்தது. ஹைபெர்க் பார்க்காத மடிப்பு வரிகள் வெளிப்பட்டது இந்த வேலையால்தான். அதில் கணினிக்கு வேலையே இல்லை.

அடுத்தது ஒளிப்படம். இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் தவறான இடத்தில் வியக்கின்றன. 2000ஆம் ஆண்டு வாக்கில் நடந்த முதல் முயற்சிகளில் பல அலைநீளங்களில் எடுத்த படங்களைக் கணக்கிட்டு, ஜெப எழுத்தை முழுதாக நீக்கி, ஆர்க்கிமிடீஸை மட்டும் காட்ட முயன்றார்கள். பார்வைக்கு அது அழகான தீர்வு. ஆனால் அதைப் படிக்க வேண்டிய கிரேக்க அறிஞர்கள் ரெவியல் நெட்ஸும் நைஜல் வில்சனும் திருப்தியடையவில்லை. காரணம் நுட்பமானது. ஜெப எழுத்தை நீக்கினால் அது இருந்த இடம் வெறுமையாகிவிடும். அந்த வெறுமையில் முதலிலிருந்தே எழுத்து இல்லையா, அல்லது மேலெழுத்து மறைத்ததா என்று சொல்ல முடியாது. தேய்ந்த கிரேக்க எழுத்தைப் படிப்பவர் பாதிக் கோட்டை வைத்து மீதியை ஊகிக்கிறார். கோடு எங்கே மறைக்கப்பட்டது என்பதும் அவருக்கு ஒரு சான்று. மேலெழுத்தை அழித்தபோது அந்தச் சான்றும் சேர்ந்து அழிந்தது.

ஒளிப்பட வேலையைச் செய்த ரோஜர் ஈஸ்டன், கீத் நாக்ஸ், வில்லியம் கிறிஸ்டென்ஸ்-பாரி மூவரும் பிறகு கண்ட வழி இன்னும் எளிது. ஒரே பக்கத்தை அசையாமல் வைத்து இரண்டு படம் எடுக்க வேண்டும். சிவப்பு ஒளியில் எடுத்தால் வெளிறிய பழுப்பு அடியெழுத்து ஏறக்குறைய காணாமல் போகும், கருத்த ஜெப எழுத்து மட்டும் நிற்கும். புற ஊதா ஒளியில் தோல் நீலமாக ஒளிரும், மை இருக்கும் இடம் எதுவானாலும் அந்த ஒளிர்வை அடைக்கும். ஆக இரண்டு எழுத்துகளும் கருமையாகத் தெரியும். கணினிப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறத் தடங்கள் சேர்ந்தது. இப்போது சிவப்பொளிப் படத்தைக் கணினிப் படத்தின் சிவப்புத் தடத்தில் வையுங்கள், புற ஊதாப் படத்தைப் பச்சை, நீலத் தடங்கள் இரண்டிலும் வையுங்கள். வெறும் தோல் மூன்று தடத்திலும் வெளிச்சமாக இருப்பதால் வெண்மையாகிறது. ஜெப எழுத்து மூன்றிலும் இருட்டாக இருப்பதால் கருப்பாகவே இருக்கிறது. அடியெழுத்து சிவப்பில் மட்டும் வெளிச்சம், மற்ற இரண்டில் இருட்டு, ஆகவே செக்கச் செவேலென்று எழுந்து நிற்கிறது. மேலெழுத்தும் தன் இடத்தில் இருக்கிறது. எது மறைப்பு, எது வெற்றிடம் என்று கண்ணே பிரித்துக்கொள்ளும்.

2007இல் மறுபடி எடுத்தபோது 365 முதல் 870 நானோமீட்டர் வரை 12 அலைநீளங்களைப் பயன்படுத்தினார்கள். பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடித்த ஒளியிலும் படம் எடுத்தார்கள். மை போன பிறகும் அது தோலை அரித்த தடம் அந்தச் சாய்வொளியில் நிழலாகத் தெரியும்.

இவை எதுவும் தங்க ஓவியங்களுக்கு அடியில் செல்லாது. அங்கேதான் மையிலிருந்த இரும்பு கைகொடுத்தது. வலிமையான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் ஸ்டான்ஃபோர்டு சிங்க்ரோட்ரான் பொறியில் ஊவே பெர்க்மன் குழு 2005இலிருந்து மெல்லிய எக்ஸ் கதிரால் தாளைப் புள்ளி புள்ளியாகத் தடவியது. கதிர் பட்ட இரும்பணு தனக்கேயான ஆற்றலில் எக்ஸ் கதிரைத் திருப்பி விடுகிறது. அதை எண்ணி வரைந்தால் இரும்பின் வரைபடம் கிடைக்கும். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. எக்ஸ் கதிர் தோலை ஊடுருவிவிடுவதால் தாளின் முன்பக்கம், பின்பக்கம், அடியெழுத்து, மேலெழுத்து என நான்கு எழுத்தடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அவற்றைப் பிரித்தது பொறியல்ல, கிரேக்கம் தெரிந்த கண். எழுத்தரின் பெயரும் 1229 என்ற ஆண்டும் தெளிவானது இந்தப் படங்களால்தான்.

சரி, இவ்வளவு பாடுபட்டுப் படித்ததில் என்ன இருந்தது? 'முறை' நூலிலிருந்து ஒரு கணக்கைப் பார்ப்போம், ஹைபெர்க்கே படித்துவிட்ட கணக்குதான். கோளத்தின் ஆரம் ஆர் என்போம். அதோடு ஆரமும் 2ஆர், உயரமும் 2ஆர் ஆன ஒரு கூம்பு, அதே அளவில் ஓர் உருளை. கூம்பின் முனையும் கோளத்தின் விளிம்பும் ஒரே புள்ளியில் தொடங்குகின்றன. அங்கிருந்து எக்ஸ் தொலைவில் மூன்றையும் வெட்டுங்கள். கோளத்தின் வெட்டுமுகமும் கூம்பின் வெட்டுமுகமும் சேர்ந்து 2 × பை × ஆர் × எக்ஸ். உருளையின் வெட்டுமுகம் 4 × பை × ஆர் வர்க்கம். உருளைத் துண்டை இருந்த இடத்திலேயே, அதாவது எக்ஸ் தொலைவிலேயே, விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் தொடக்கப் புள்ளியின் மறுபக்கம் 2ஆர் தொலைவில் தொங்கவிட்டால், அந்தப் புள்ளியில் தாங்கிய நெம்புகோல் சமநிலையில் நிற்கும். எல்லாத் துண்டுக்கும் இது பொருந்துவதால் முழுப் பொருள்களுக்கும் பொருந்தும். உருளையின் எடைமையம் ஆர் தொலைவில் இருக்கிறது, எனவே கோளமும் கூம்பும் சேர்ந்தால் உருளையில் பாதி. கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கோளம் உருளையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 4/3 × பை × ஆர் கனம். இது கண்டுபிடிக்க உதவும் வழி, நிரூபணம் அல்ல, நிரூபணத்தை வடிவியலில் தனியாகத் தர வேண்டும் என்று ஆர்க்கிமிடீஸே தன் காலத்து அறிஞர் எரட்டோஸ்தனீஸுக்கு எழுதுகிறார். தான் எப்படி யோசித்தேன் என்று ஒரு பழங்காலக் கணிதமேதை திறந்து காட்டும் இந்த இடத்துக்காகவே இந்தச் சுவடியைப் போற்றலாம்.

புதிதாகக் கிடைத்தது அதே 'முறை' நூலின் 14ஆம் கூற்றில். சதுர அடி கொண்ட பட்டகத்துக்குள் உருளை, அடியின் மையம் வழியாகவும் மேல் விளிம்பு வழியாகவும் ஒரு சாய்வு வெட்டு. குளம்பு போன்று வரும் துண்டு முழுப் பட்டகத்தில் ஆறில் ஒரு பங்கு என்று காட்ட வேண்டும். ஹைபெர்க்கால் இதன் நடுப்பகுதியைப் படிக்க முடியவில்லை. 2001இல் நெட்ஸும் ஜப்பானிய வரலாற்றாசிரியர் கென் சைட்டோவும் படித்தபோது, முக்கோணங்களின் தொகுதியும் கோடுகளின் தொகுதியும் 'எண்ணிக்கையில் சமம்' என்று ஆர்க்கிமிடீஸ் வாதிடுவது தெரிந்தது. இரண்டுமே முடிவிலி. கிரேக்கர்கள் முடிவிலியை நேரடியாகக் கையாளவே மாட்டார்கள் என்ற பழைய பாடத்தை இது திருத்தியது.

கணிதத்துக்கு வெளியேயும் விளைச்சல் உண்டு. மைரோனாஸ் ஆர்க்கிமிடீஸை மட்டும் சுரண்டவில்லை. ஏதென்ஸ் பேச்சாளர் ஹைபெரிடீஸின் உரைகள் 10 தாள்களிலும், அரிஸ்டாட்டிலின் 'வகைமைகள்' நூலுக்கு ஒரு விளக்கவுரை 7 தாள்களிலும் கிடைத்தன.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. இதே சுவடியில் ஆர்க்கிமிடீஸ் பேசும் 'ஸ்டொமாக்கியன்' என்ற 14 துண்டுப் புதிரைச் சதுரமாக அடுக்க 17,152 வழிகள் என்பது 2003இல் கணினி சொன்ன எண், சுவடியில் இல்லை. ஆர்க்கிமிடீஸ் வழிகளைத்தான் எண்ண முயன்றார் என்பது நெட்ஸின் ஊகம். எனக்கு அது கவர்ச்சியான ஊகமாகத் தெரிகிறது, ஆனால் மிஞ்சியிருப்பது ஒரே தாள், அதற்குமேல் உறுதியாகப் பேச இடமில்லை.

நீங்களே வாசிக்க விரும்பினால்: ஹீத் 1912இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் 'முறை' நூலைத் தொடங்கலாம், நடை தெளிவானது. ஆனால் அது முழுக்க ஹைபெர்க்கைச் சார்ந்தது, 14ஆம் கூற்றுக்கு அதை நம்ப வேண்டாம். கேம்பிரிட்ஜ் 2011இல் வெளியிட்ட புதிய பதிப்பின் இரண்டு தொகுதிகளில் முதலாவது சுவடியின் வரலாறும் ஆய்வுகளும். இரண்டாவதில் படமும் அதற்கு எதிரே எழுத்துப் பெயர்ப்பும். படங்கள் 2008 அக்டோபர் 29 முதல் இணையத்தில் இலவசம். பதிவிறக்கியதும் ஜெப எழுத்து நேராகத் தெரியும்படிதான் இருக்கும், 90 பாகை திருப்புங்கள். ஒரு ஜெபத் தாளில் பழைய பக்கத்தின் பாதிதான் இருக்கும், மறுபாதி அதன் இணைத்தாளில். 14ஆம் கூற்றுக்கு 105ஆம் தாளையும் 110ஆம் தாளையும் சேர்த்து வைக்க வேண்டும். முதலில் செந்நிறமாகத் தெரியும் போலிநிறப் படத்தைத் திறங்கள். அதில் ஐயம் வரும் எழுத்துக்கு மட்டும் சாய்வொளிப் படத்துக்குப் போங்கள்.