ராத்திரி இரண்டு மணிக்கு எண்டர் தட்டுவது யார்?

கேள்வி: ஜாவா நிரலைத் தொகுக்க ஆண்ட் (Ant) என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். அந்த பில்டில் வெர்ஷன் எண்ணைக் கேட்டு வாங்க ‘இன்புட்’ டாஸ்க் சேர்த்தேன். என் கணினியில் ஒழுங்காகக் கேட்கிறது. ராத்திரி தானாக ஓடும் சர்வரில் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறது. கேள்வியைத் தூக்கிவிடலாமா?

பதில்: தூக்க வேண்டாம். கேள்விக்கு முன்னாலேயே பதிலைக் கொடுத்துவிடுங்கள், போதும்.

அந்த டாஸ்க்கில், பதிலைப் போட்டுவைக்க ஒரு ப்ராப்பர்ட்டி (மதிப்பைத் தாங்கும் பெயர்) கொடுத்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே மதிப்பு இருந்தால் ஆண்ட் கேட்காது. ‘இருக்கிறது, விட்டுவிட்டேன்’ என்ற பொருளில் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஆகவே சர்வரில் ஓட்டும் கட்டளையில் மைனஸ் டி (-D, பெரிய எழுத்து) போட்டு, நடுவில் இடைவெளி விடாமல் ப்ராப்பர்ட்டி பெயர், சமக்குறி, 2.4 என்று எழுதுங்கள். உங்கள் கணினியில் அதை எழுதாமல் ஓட்டினால் வழக்கம்போல் கேட்கும். ஒரே பில்ட் ஃபைல், இரண்டு இடத்துக்கும் சரி. கூடவே மைனஸ் நோஇன்புட் (-noinput) என்பதையும் சர்வரில் சேர்த்துவிடுங்கள். யாராவது எண்ணைக் கொடுக்க மறந்தால் விடியும்வரை தொங்காமல் அங்கேயே ஃபெயிலாகும்.

இதே வசதி என் காலையும் வாரியிருக்கிறது. ஒருமுறை கேள்வி வரவே இல்லை. பழைய எண்ணோடு ஜார் (தொகுத்து வரும் ஜாவா ஃபைல்) தயாராகிக்கொண்டே இருந்தது. டாஸ்க்கைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், பில்ட் ஃபைலின் தலையிலேயே ஒரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலை ஏற்றியிருந்தேன், அதில் அதே பெயர். ஆண்டில் ப்ராப்பர்ட்டிக்கு முதலில் உட்கார்ந்தவருக்குத்தான் நாற்காலி. அப்புறம் வருபவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். கட்டளையில் கொடுப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் டாஸ்க் கேட்டு வாங்கும் பதிலுக்கு அந்தச் சலுகை இல்லை. யாரும் கொடுக்காவிட்டால் ஒரு மதிப்பு வேண்டும் என்றால், டாஸ்க்கிலேயே இருக்கும் டிஃபால்ட்வேல்யூவில் வையுங்கள். வெறும் எண்டர் தட்டினால் அது வரும்.

பாஸ்வேர்டை மட்டும் மைனஸ் டியில் கொடுக்காதீர்கள். ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும், ஓடும்போது அதே கணினியில் ப்ராசஸ் பட்டியல் பார்ப்பவர் கண்ணிலும் படலாம். சர்வரில் என்விரான்மென்ட் வேரியபிள் வழியாக எடுங்கள். கையால் தட்டுவதென்றால் இன்புட்டுக்குள் ஹேண்ட்லர் (பதிலை வாங்கும் பகுதி) வகையை ‘செக்யூர்’ என்று வையுங்கள், தட்டும் எழுத்து திரையில் தெரியாது.